முட்டுக்கட்டை போடுகிறவன் எழுதும் மடல்

மணப்பாறையில் வாடகைக் கார், வேன் ஓட்டும் தம்பிகளுக்கு,

இந்த ஊரில் 30 வருஷத்துக்கு மேலாகப் பிரேக் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். சிலருடைய அப்பா ஓட்டிய வண்டிக்கும் நான்தான் லைனிங் அடித்துக் கொடுத்தேன். நேரில் சொன்னால், "சரிண்ணே, இந்த ட்ரிப்பை முடிச்சிட்டு வர்றேன்" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டே போய்விடுகிறீர்கள். எழுதி வைத்தால் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்திலாவது படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை. வாசல் தெளித்த ஈரம் காயவில்லை, அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. உங்களில் ஒரு தம்பிதான், பெயர் வேண்டாம். "ஹாரன் விட்டு விட்டு அடிக்குதுண்ணே. கொடைக்கானல் போறோம், மலை ரோட்டுல ஹாரன் இல்லாம முடியாது" என்றார். உள்ளே 11 பேர். ஒரு பாட்டி, ஒரு கைக்குழந்தை, ஜன்னல் ஓரம் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பையன். நான் ஹாரனைக் கவனிக்கவில்லை. வண்டி நிற்கும்போது முன்சக்கரத்தில் கேட்ட சத்தம்தான் காதில் இருந்தது. இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம்.

"இந்தச் சத்தம் எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா இருக்குண்ணே. ஏ.சி. போட்டுக் கண்ணாடிய ஏத்திட்டா கேக்காது."

இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன். வெளிப்பக்க பேடில் இன்னும் 4 மில்லிமீட்டர் இருந்தது. சக்கரத்து ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கிற யாரும், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். காலிபரைத் தூக்கி உள்பக்கம் பார்த்தேன். பேடில் மருந்துக்குக்கூட லைனிங் இல்லை. பின்னால் இருக்கும் வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கைத் தின்றுகொண்டிருந்தது. டிஸ்க்கின் உள்முகம் உழுத புஞ்சை மாதிரி வரி வரியாக இருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு வரியிலும் தட்டியது. காலிபர் நகர வேண்டிய பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிப்போயிருந்தது. அதனால் இரண்டு பேடும் சேர்ந்து தேயாமல் ஒன்று மட்டும் தேய்ந்து முடிந்துவிட்டது.

கடை திறந்து சாமான் வாங்கி வேலை முடிய மணி பதினொன்று ஆனது. பாட்டி பட்டறைத் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தத் தம்பிக்கு அரை நாள் நஷ்டம். ஹாரனையும் பார்த்துக் கொடுத்தேன். ஒரு வயர் லூஸ், இரண்டு நிமிஷ வேலை.

அந்தத் தம்பி அலட்சியக்காரர் இல்லை, நல்ல ஓட்டுநர். அவரை ஏமாற்றியது நம்ம ஊர் ரோடு. திருச்சிக்குப் போனாலும் திண்டுக்கல்லுக்குப் போனாலும் நாலுவழிச் சாலை. மேடு பள்ளம் அதிகம் இல்லாத சமவெளி. நாற்பது கிலோமீட்டரில் நாலைந்து தடவை பிரேக் மிதித்தால் அதிகம். மிதிப்பதற்கும் மிதிப்பதற்கும் நடுவில் காற்று பட்டு டிஸ்க் ஆறிவிடுகிறது. இப்படி ஓடும் வண்டியில் கெட்டுப்போன பிரேக்கும் நல்ல பிரேக் மாதிரியே இரண்டு வருஷம் நடிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலோ, சிறுமலையின் 18 வளைவிலோ, வத்தலகுண்டுக்கு மேலே கொடைக்கானல் மலையிலோ இறங்கும்போதுதான் அதன் உண்மை முகம் தெரியும். அங்கே தெரிந்து என்ன செய்வது?

பிரேக் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் "வண்டிய நிறுத்துது" என்பீர்கள். வேகத்தைச் சூடாக மாற்றுகிறது என்று நான் சொல்வேன். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ இருக்கும் ஒரு காரை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே மிதியில் நிறுத்தினால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு பிறக்கிறது. அவ்வளவும் நாலு சக்கரத்துக்குள், சில விநாடிகளில். வேகம் இரண்டு மடங்கானால் இந்தச் சூடு நாலு மடங்காகும். மலை இறக்கத்தில் வேகம் குறைவாக இருந்தாலும் இறங்குகிற உயரம் முழுவதும் சூடாகத்தான் மாற வேண்டும். 2 டன் எடையுள்ள வேன் 1,000 மீட்டர் உயரம் இறங்கி வந்தால், 60 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. நாலு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைப் பாதிச் சுமை தாங்க விட்டீர்கள் என்றால் பிரேக் தப்பிக்கும். எல்லாவற்றையும் பிரேக் தலையில் கட்டினால் அது எங்கே போகும்?

உங்கள் கால் மிதிப்பது பெடலை. பெடல் ஒரு நெம்புகோல், உங்கள் பலத்தை அதுவே சில மடங்கு ஆக்குகிறது. அடுத்து பூஸ்டர், அந்தப் பெரிய கறுப்புத் தட்டு. இன்ஜின் ஓடும்போது கிடைக்கிற வெற்றிடத்தை வைத்து உங்கள் காலுக்குத் துணையாகத் தள்ளுகிறது. அதற்கு முன்னால் மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து குழாய் வழியாக ஆயில் போய் நாலு சக்கரத்திலும் பிஸ்டனைத் தள்ளுகிறது. முன்னால் டிஸ்க்கை இரண்டு பேடுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. பின்னால் டிரம் இருந்தால் அதன் உள்சுவரில் ஷூ விரிந்து உரசுகிறது. ஊசி போடும் சிரிஞ்சு இரண்டை, ஒன்று சிறியது ஒன்று பெரியது, தண்ணீர் நிரப்பி ஒரு குழாயால் இணைத்துப் பாருங்கள். சிறியதை லேசாக அமுக்கினாலே பெரியது பலமாகத் தள்ளும். பாஸ்கல் கண்டு சொன்ன விதி அதுதான், பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான்.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. திரவத்தை அமுக்கினால் அது சுருங்காது என்ற நம்பிக்கை. காற்றையோ ஆவியையோ அமுக்கினால் சுருங்கும். குழாய்க்குள் ஆவி வந்துவிட்டால் உங்கள் மிதி எல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

நான் இவ்வளவு நீட்டி எழுதுவது அந்த ஆயிலுக்காகத்தான். 10,000 கிலோமீட்டர் ஆனால் இன்ஜின் ஆயில் மாற்ற ஓடி வருகிறீர்கள். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லி என்னிடம் தானாக வந்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. மூடியின் துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் துளித்துளியாக ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230; ஈரம் ஏறினால் 155. மலை இறக்கத்தில் விடாமல் மிதித்த டிஸ்க்கின் சூடு 300 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு பேடு வழியாக, பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போகிறது. பழைய ஆயில் அங்கே கொதித்து ஆவியாகிறது. பெடல் தரையோடு தரையாகப் போகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 20 வருஷத்துக்கு முன்னால் ஒரு காருக்கு முன் பேடு மாற்றினேன். ஆயில் டப்பாவைத் திறந்தால் கருப்பட்டிக் காபி நிறத்தில் இருந்தது. "ஆயில் மாத்திடலாமா?" என்று கேட்டேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் காரை ஓட்டியவர். நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு அடுத்த வண்டி காத்துக்கொண்டிருந்தது. அந்தக் காருக்கு மறுநாள் கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பெடல் போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, மலை ஓரக் கால்வாயில் வண்டியை இறக்கி நிறுத்தினார். அவர் மனைவிக்குக் கை முறிந்தது. பெண் குழந்தைக்கு நெற்றியில் தையல். பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் மூன்று பேரும் இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்து என் பட்டறைக்குத்தான் கொண்டு வந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். கல் மாதிரி நின்றது. பிரேக் பிடித்தது. ஆயில் ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும்; குற்றம் செய்த தடயமே இருக்காது. "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு போயிருச்சு" என்று விபத்துக்குப் பிறகு எல்லோரும் சொல்வது இதனால்தான். பிரேக் திடீரென்று போவதில்லை தம்பிகளா. இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது, அன்றைக்குத் தெரிந்தது.

அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கல" என்றார். நான் சொன்னது உண்மை. ஆனால் கடமைக்குச் சொன்னேன், நிறுத்தி வைத்துச் சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் நெற்றிக் கட்டைப் பார்த்த பிறகு, மலைக்குப் போகிற எந்த வண்டியையும் ஆயில் பார்க்காமல் நான் வெளியே விட்டதில்லை. போன மே மாதச் சனிக்கிழமை அந்த வேனை 11 மணி வரை பிடித்து வைத்ததற்கும் காரணம் அதுதான்.

நம்ம ஊர் மாட்டுக்குப் பெயர் போன ஊர். பாரவண்டி ஓட்டிய பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஏற்றத்தில் வண்டி மாட்டைப் பின்னுக்கு இழுக்கும். அது சிரமம், ஆபத்து இல்லை. இறக்கத்தில் பாரம் முன்னால் தள்ளும். நுகத்தடி கழுத்தை விட்டு நகர்ந்து கொம்புக்குப் போகும். மாடு பின்னங்காலை ஊன்றி ஊன்றிச் சறுக்கும். அனுபவமுள்ள வண்டிக்காரர் இறக்கம் தொடங்கும் முன்னாலேயே கீழே குதித்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்வார். பாதி இறக்கத்தில் போய்ப் பிடிக்க மாட்டார். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எப்போதும் வண்டியிலேயே இருக்கும்.

முட்டுக்கட்டை என்ற சொல்லை இன்றைக்குக் கெட்ட காரியத்துக்குத்தான் சொல்கிறோம். ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடும்போது போய் நின்று பாருங்கள். எல்லோர் கண்ணும் தேர் மேலே இருக்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு குனிந்தபடியே ஓடுகிறவர்களைப் பாருங்கள். தேரைத் திருப்புவதும் அவர்கள்தான், நிறுத்துவதும் அவர்கள்தான். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் எடை. அதற்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தவர்கள் நம் திருச்சி பெல் நிறுவனத்தார். அப்படியும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கூடவே ஓடுகிறார்கள். தேரோட்டத்துக்கு முன்னால் அந்தப் பிரேக்கைச் சோதித்துப் பார்த்துத்தான் வடம் பிடிக்க விடுகிறார்கள். வருஷத்தில் ஒரு நாள், ஆள் நடக்கும் வேகத்தில் போகும் தேருக்கு அவ்வளவு கவனம். வருஷம் முழுக்க 80-ல் போகும் உங்கள் வண்டிக்கு?

"எஃப்.சி. காட்டியாச்சே" என்று சிலர் சொல்கிறீர்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும், அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு தடவையும் எஃப்.சி. அன்றைக்குச் சமதரையில் வண்டி நின்றது என்பதற்குத்தான் அது சாட்சி. சொந்த போர்டு காரை 15 வருஷத்துக்கு யாருமே கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. "என் வண்டியில ஏ.பி.எஸ். இருக்கு" என்று இன்னொரு பேச்சு. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம், நல்ல விஷயம். சக்கரம் இறுகிச் சறுக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. தேய்ந்த பேடை அது வளர்க்காது, கொதிக்கும் ஆயிலை ஆற வைக்காது.

டப்பாவில் ஆயில் குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகிற பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. அதை நிறுத்துங்கள். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆயில் குறைகிறது என்றால் ஒன்று எங்கோ கசிகிறது, இல்லை பேடு தேய்ந்துவிட்டது. இரண்டும் உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. ஊற்றி நிரப்பினால் அந்தச் செய்தியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். அதைவிடக் கொடுமை, கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றுவது. மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் ரப்பர் கப் அந்த ஆயிலில் ஊறி வீங்கிவிடும். பிறகு கப், ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் திறந்து டிக்கியில் போட்டு வைத்த பிரேக் ஆயில் பாட்டிலும் வேண்டாம். திறந்த நாளிலிருந்தே அது ஈரம் குடிக்கத் தொடங்கிவிட்டது.

வண்டி உங்களிடம் பேசுகிறது. மிதித்ததும் கீச்சென்று மெல்லிசாகச் சத்தம் வந்தால் பேடில் இருக்கும் தகட்டு நாக்கு டிஸ்க்கைத் தொட்டுவிட்டது. 3 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். அப்போதே வந்தால் பேடோடு போய்விடும். கிர்ர் என்று கரகரத்த பிறகு வந்தால் டிஸ்க்கும் போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று. மிதித்தபடி காலை வைத்திருக்கும்போது மெதுவாக இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரில் கப் போய்விட்டது. ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கிறது. பெடல் காலில் துடித்தால் டிஸ்க் சமமாக இல்லை. பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கேளுங்கள்.

சாமான் விஷயத்தில் நாம் குறை சொல்ல இடமே இல்லை. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லிருந்து இருக்கிறது. ரானே குழுமத்துக்கு நம் திருச்சிப் பக்கத்திலேயே பிரேக் லைனிங் ஆலை இருக்கிறது. உலகத்துக்கே பிரேக் செய்து அனுப்பும் மாநிலத்தில் இருந்துகொண்டு, பெயர் தெரியாத பெட்டியில் வரும் டூப்ளிகேட் பேடைப் போடுவது நியாயமா? இருநூறு ரூபாய் மிச்சத்துக்காகப் போட்ட பேடு, சூடேறினால் கண்ணாடி மாதிரி வழுவழுத்துப் போவதை நான் எத்தனையோ தடவை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

நியூட்ரலில் இறங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி தொப்பூர் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளைப் பத்திரிகையில் படிக்கிறீர்கள். நியூட்ரலில் இறங்காதே, இன்ஜினை அணைக்காதே என்று அங்கே லாரிக்காரர்களிடம் போலீஸ் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது. டீசல் மிச்சமாகும் என்ற கணக்கு இந்தக் காலத்து வண்டிக்குப் பொருந்தாது. கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் இன்ஜினுக்கு எண்ணெய் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்கு எண்ணெய் செலவாகும். இன்ஜினை அணைத்தாலோ பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கட்டைதான். பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள், எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று. அதற்கு மேல் சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. பிரேக் வாடை அடித்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். வந்தவர்களை டீ குடிக்கச் சொல்லுங்கள்.

உங்களில் பலர் ஓட்டுவது இன்னொருவர் வண்டி என்பது எனக்குத் தெரியும். "ஓனர் காசு தரமாட்டேங்கிறார்ண்ணே" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிற தம்பிகளைத் தினமும் பார்க்கிறேன். குற்றம் உங்களுடையது மட்டும் இல்லை. இனிமேல் ஒன்று செய்கிறேன். உங்கள் வண்டியைப் பார்த்து, எந்தச் சக்கரத்தில் பேடு எத்தனை மில்லிமீட்டர், ஆயில் என்ன நிலையில் இருக்கிறது, மலைக்குப் போகலாமா கூடாதா என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஓனரிடம் காட்டுங்கள். வாய்ப்பேச்சுக்கு அசையாதவர் கையெழுத்துக்கு அசைவார். அப்படியும் அசையவில்லை என்றால் அந்த மலைச் சவாரியை எடுக்காதீர்கள். ஸ்டீயரிங்கில் இருக்கப் போவது நீங்கள். பின்னால் உட்காரப் போவது உங்களை நம்பி ஏறியவர்கள்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை முழுக்க வடித்து மாற்றுங்கள். ஐந்தாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் நாலு சக்கரத்தையும் கழற்றி உள்பக்க பேடையும் காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மலைச் சவாரி இருந்தால் முந்தின நாள் சாயங்காலமே வாருங்கள். விடியற்காலை ஆட்களை ஏற்றிக்கொண்டு வராதீர்கள். பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். பார்ப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை. என்னிடம்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. ஊரில் கை சுத்தமாக வேலை செய்கிறவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் உங்கள் வண்டியில்தான் சபரிமலைக்குப் போவார்கள். எருமேலிக்கு அப்பால் கணமலை இறக்கம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் தம்பிகளா.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன்,
பிரேக் வேலை பார்க்கிறவன்,
மணப்பாறை.